நேற்று நான்கு, இன்று பதினொன்று: தேடல் தரவரிசை ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை?

இணையதளம் நடத்துகிற ஒருவர் தன் தளத்துக்கு முக்கியமான தேடல் சொல்லை, அதாவது கீவேர்டை, தன் போனிலேயே கூகுளில் போட்டுப் பார்க்கிறார், நான்காவது இடத்தில் வருகிறது. வேறு நகரத்தில் இருக்கும் கூட்டாளியைத் தேடச் சொன்னால் அவருக்கு ஒன்பதாவது. மாதச் சந்தா கட்டி வைத்திருக்கிற ரேங்க் டிராக்கர், அதாவது இடத்தைக் கண்காணிக்கும் கருவி, ஆறு என்கிறது. சரி, தள உரிமையாளர்களுக்கு கூகுளே கொடுக்கிற சர்ச் கன்சோல் அறிக்கையைப் பார்ப்போம் என்று திறந்தால் அங்கே 7.3 என்று நிற்கிறது. ஓர் இடம் எப்படித் தசமத்தில் வரும் என்பதே பலருக்குப் புதிர். இதில் எது சரி என்று கேட்டால், நாலும் சரிதான். நாலும் நாலு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

எஸ்.இ.ஓ., அதாவது தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தரவரிசை என்றதும், தேர்வு முடிவுப் பட்டியல் மாதிரி எங்கோ ஒரு சர்வரில் எழுதி வைத்த எண் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒருவர் தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டிய பிறகுதான் அந்த நேரத்துக்கும் அந்த ஆளுக்கும் அந்த இடத்துக்கும் ஏற்றபடி வரிசை உருவாகிறது. வேகத்துக்காகச் சில விடைகளைத் தற்காலிகமாகச் சேமித்து வைப்பார்கள், அது வேறு விஷயம். மற்றபடி அடுத்த ஆள் தேடும்போது மறுபடி கணக்கு. பெரும்பாலான நேரம் இந்தக் கணக்குகள் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தருவதால்தான் அது நிலையான ஒன்று போலத் தெரிகிறது.

சரி, விடை மாறுவது எதனால்?

தேடுபொறி தேடுவது இணையத்தை அல்ல. தான் முன்பே க்ரோல் செய்து, அதாவது தளம் தளமாகப் போய்ப் படித்து, கொண்டுவந்து வைத்திருக்கிற பிரதியைத்தான், அதாவது இன்டெக்ஸைத்தான், அது தேடுகிறது. அந்தப் பிரதி எவ்வளவு புதியது, அதன் எந்தப் பதிப்பு உங்களுக்குக் காட்டப்படுகிறது என்பதே ஒரு மாறி. 2000-களின் தொடக்கத்தில் கூகுள் இன்டெக்ஸை ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் புதுப்பித்தது. புதிய பதிப்பு எல்லா டேட்டா சென்டர்களுக்கும் போய்ச் சேரச் சில நாள் ஆகும். அதுவரை உங்கள் தேடல் எந்த டேட்டா சென்டரில் போய் விழுகிறதோ அதைப் பொறுத்து முடிவு மாறும். காலையில் ஐந்தாம் இடம், மதியம் முப்பது, மாலையில் மறுபடி ஐந்து. தளங்களை நடத்தும் வெப்மாஸ்டர்கள் இதற்கு வைத்த பேர் ‘கூகுள் டான்ஸ்’. 2003-இல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கும் முறைக்கு கூகுள் மாறியது. 2010 ஜூனில் ‘கஃபீன்’ என்ற புதிய இன்டெக்ஸ் கட்டமைப்பு வந்த பிறகு, க்ரோல் ஆன பக்கங்கள் அடுத்த பெரிய புதுப்பிப்புக்காகக் காத்திருக்காமல் உடனுக்குடன் இன்டெக்ஸில் சேர ஆரம்பித்தன. அதனால் ஆட்டம் நின்றுவிடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்த பெரிய ஆட்டம், எந்நேரமும் நடந்துகொண்டே இருக்கிற சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரிந்துவிட்டது, அவ்வளவே.

இதோடு லிங்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் முன்வைத்த பேஜ்ரேங்க் யோசனையின் சாரமே, ஒரு பக்கத்தின் மதிப்பு மற்ற பக்கங்கள் அதற்குத் தரும் இணைப்புகளிலிருந்து வருகிறது என்பதுதான். அப்படியென்றால் உங்கள் பக்கத்தில் நீங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் இருந்தாலும், உங்களுக்கு லிங்க் கொடுத்த யாரோ ஒருவர் தன் தளத்தை மூடினாலோ, அவருக்கு லிங்க் கொடுத்தவர்கள் நீக்கினாலோ, உங்கள் மதிப்பு அசையும். இன்றைக்குத் தேடுபொறிகள் பார்க்கிற பல நூறு விஷயங்களில் லிங்க் ஒன்று மட்டும்தான். ஆனாலும் “நான் எதையுமே மாற்றவில்லையே, ஏன் இறங்கியது?” என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த மாதிரி வெளியில்தான் இருக்கிறது. நீங்கள் இறங்கினீர்கள் என்பதைவிட மூன்று பேர் ஏறிவிட்டார்கள் என்பது சரியாக இருக்கும்.

அடுத்தது தேடுகிற ஆள். 2009 டிசம்பரில் கூகுள், லாகின் செய்யாதவர்களுக்கும் சேர்த்து முடிவுகளைத் தனிப்பயனாக்க ஆரம்பித்தது. அன்று முதல் “ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கூகுள்” என்ற பேச்சு கிளம்பிவிட்டது. இந்தப் பேச்சில் கொஞ்சம் மிகை இருக்கிறது என்பது என் எண்ணம். பழைய தேடல் வரலாற்றால் வரும் மாற்றம் நிறையப் பேர் நினைப்பதைவிடச் சிறியது. நீங்கள் அடிக்கடி போகிற தளம் உங்களுக்கு மேலே தெரியும், அது உண்மை. அதனால்தான் தன் தளத்தைத் தானே தினம் பத்து முறை தேடி, தானே கிளிக் செய்து பார்க்கிற உரிமையாளருக்குத் தன் இடம் எப்போதும் நன்றாகவே தெரிகிறது. ஆனால் இரண்டு பேருக்கு நடுவே பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருவது வரலாறு அல்ல, இருக்கும் இடம். பல் மருத்துவர், பிளம்பர், உணவகம் போன்ற தேடல்களில் ஒரே நகரத்துக்குள்ளேயே சில கிலோமீட்டர் நகர்ந்தால் பட்டியலே வேறாகிவிடும். கூகுளின் நாட்டு முகவரியை (டொமைனை) மாற்றிப் பார்த்து வேறு நாட்டு முடிவுகளைப் பார்க்கும் பழைய வழியும் இப்போது பலிக்காது: எந்த டொமைனில் தேடினாலும் ஆள் இருக்கிற இடத்துக்கு ஏற்ற முடிவுதான் என்று 2017 அக்டோபரிலேயே கூகுள் மாற்றிவிட்டது. அப்புறம் இந்த இன்காக்னிட்டோ, அதாவது பிரவுசரின் மறைவுப் பயன்முறை. அது உங்கள் குக்கீயையும் லாகினையும் மறைக்கும். ஐபி முகவரியை மறைக்காது, அதனால் இருப்பிடமும் மறையாது. “இன்காக்னிட்டோவில் பார்த்தேன், இதுதான் உண்மையான ரேங்க்” என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் அனுப்புவது, தங்கள் தெருவில் அந்த நிமிடத்தில் தெரிந்த ரேங்கை.

போனும் கணினியும் வேறு. 2015 ஏப்ரலில் மொபைல் தேடலில் மட்டும் மொபைலுக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பிறகு இன்டெக்ஸ் எடுப்பதே பக்கத்தின் மொபைல் வடிவத்திலிருந்துதான் என்று ஆகிவிட்டது. இருந்தும் இரண்டு சாதனங்களிலும் முடிவுப் பக்கத்தின் அமைப்பு ஒன்றல்ல என்பதால் இடம் ஒத்துப்போகாது.

தேடல் சொல்லின் பொருளே நாளுக்கு நாள் மாறுவதும் உண்டு, இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு புயலின் பெயரோ ஒரு பொருளின் பெயரோ செய்தியில் அடிபட ஆரம்பித்ததும், அந்தச் சொல்லுக்குப் புதிய பக்கங்கள்தான் வேண்டும் என்று தேடுபொறி முடிவு செய்யும்; வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்த விளக்கப் பக்கம் செய்தித் தளங்களுக்குக் கீழே போய்விடும், பரபரப்பு அடங்கியதும் திரும்பி வரும். அப்போது பதறிப்போய்ப் பக்கத்தை மாற்றி எழுதினால் கெடுத்ததுதான் மிச்சம். ஆட்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பதும் உள்ளே போகிறது. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில், 2023-இல் கூகுளின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் அளித்த சாட்சியத்தில் ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு பற்றிய தகவல் வெளியே வந்தது: 13 மாதக் கிளிக் தரவை வைத்து முடிவுகளை மேலே கீழே நகர்த்த உதவுகிறது. கிளிக்குகளை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை என்கிற தொனியிலேயே பல வருடம் பதில் சொல்லிக்கொண்டிருந்த நிறுவனம் என்பதால், எஸ்.இ.ஓ. உலகில் அது பெரிய செய்தி. மக்களின் ரசனை மாறினால் வரிசையும் மெல்ல மாறும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

இவையெல்லாம் தினசரி அசைவுகள். நில அதிர்வு போல வருவது அல்காரிதம் அப்டேட், அதாவது வரிசைப்படுத்தும் விதிகளையே மாற்றுவது. தரம் குறைந்த, வெட்டி ஒட்டிய பக்கங்களைக் குறிவைத்து 2011 பிப்ரவரியில் பாண்டா, காசு கொடுத்தும் செயற்கையாகவும் சேர்த்த லிங்குகளைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் பென்குயின். பென்குயினின் கொடுமை என்னவென்றால் அது அப்போது தனியாக, எப்போதாவது ஓடுகிற நிரலாக இருந்தது. அதில் அடிபட்டவர் கெட்ட லிங்குகளை எல்லாம் சுத்தம் செய்துவிட்டாலும் அது மறுபடி ஓடினால்தான் விடுதலை. 2014 அக்டோபரில் ஓடிய பிறகு அடுத்த பதிப்பு வந்தது 2016 செப்டம்பரில். இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். எத்தனையோ சிறு தளங்கள் அந்த இடைவெளியைத் தாக்குப்பிடிக்கவில்லை. 2016 பதிப்பிலிருந்து அது முக்கிய அல்காரிதத்தின் பகுதியாகி, தொடர்ந்து இயங்க ஆரம்பித்தது. இப்போது வருவது முக்கிய அல்காரிதத்தையே மாற்றும் ‘கோர் அப்டேட்’, ஆண்டுக்குச் சில முறை, அறிவித்துவிட்டுத்தான் வரும், முழுக்கப் பரவ இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த நாட்களில் ரேங்க் பார்த்து எந்த முடிவுக்கும் வராமல் இருப்பது நல்லது, ஏனென்றால் முதல் வாரம் இறங்கியது இரண்டாம் வாரம் ஏறுவது சாதாரணமாக நடக்கும். பயனுள்ள உள்ளடக்கத்துக்கு முன்னுரிமை தர 2022 ஆகஸ்டில் தனியாக வந்த ‘ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்’ அமைப்பும் 2024 மார்ச்சில் இந்தக் கோர் அமைப்புக்குள் சேர்க்கப்பட்டது. அறிவிக்காமல் நடக்கிற சிறு மாற்றங்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். அது போக, பயனர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் வேறு விதமாகக் காட்டிப் பார்க்கிற பரிசோதனைகள். நீங்கள் பார்த்த வினோத முடிவு அப்படி ஒரு பரிசோதனையாகவே இருந்திருக்கலாம்.

சொந்தத் தவறுகளை மறந்துவிடக் கூடாது. தளத்தைப் புதுப்பிக்கும்போது சோதனைக் காலத்தில் போட்ட, பக்கத்தை இன்டெக்ஸில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ‘நோஇன்டெக்ஸ்’ குறியை எடுக்க மறப்பது, பழைய முகவரிகளுக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போடாமல் விடுவது, ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு இன்று இது நாளை அது என்று இரண்டும் மாறி மாறி வந்து நிற்பது. இந்தக் கடைசி வகையில் வெறும் எண்ணைப் பார்த்தால் ‘எட்டு, பதினைந்து, எட்டு, பதினாறு’ என்று தெரியும், கூகுள் நிலையில்லாமல் இருக்கிறது என்று தோன்றும். எந்தப் பக்கம் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இனி இதை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதற்கு வருவோம். ஒரு காலத்தில் சுலபமாக இருந்தது. கூகுளிலிருந்து ஒருவர் உங்கள் தளத்துக்கு வந்தால், அவர் தேடிய சொல், எங்கிருந்து வந்தார் என்று காட்டும் ரெஃபரர் முகவரியிலேயே கூட வரும். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் கருவியில் எந்தச் சொல் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று வரிசையாக இருக்கும். 2011 அக்டோபரில் லாகின் செய்தவர்களின் தேடலை மறையாக்கம் செய்தபோது அந்தச் சொற்கள் மறைய ஆரம்பித்தன, 2013 வாக்கில் ஏறக்குறைய எல்லாமே ‘நாட் ப்ரொவைடட்’ (தரப்படவில்லை) என்ற ஒற்றை வரிக்குள் போய்விட்டது. இன்று மிஞ்சியிருப்பது இரண்டு வழி: கூகுள் தானே தருகிற சர்ச் கன்சோல், வெளியார் விற்கிற ரேங்க் டிராக்கர். பிங்குக்கு அதன் சொந்த வெப்மாஸ்டர் டூல்ஸ் உண்டு.

சர்ச் கன்சோல் காட்டுவது உண்மையான ஆட்கள் உண்மையாகத் தேடியபோது கிடைத்த இடம். ஒவ்வொரு முறை உங்கள் தளம் முடிவில் வந்தபோதும் அதில் மேலே இருந்த உங்கள் இணைப்பின் இடத்தை எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போடுகிறது. அந்த 7.3 அங்கிருந்து வந்ததுதான். இந்தச் சராசரியில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சொல்லுக்கு மூன்றாம் இடத்தில் 100 முறை தெரிகிறீர்கள் என்று வையுங்கள், சராசரி 3. அடுத்த மாதம் நன்றாக எழுதிய காரணத்தால் இன்னொரு சொல்லுக்கும் நாற்பதாம் இடத்தில் 100 முறை தெரிய ஆரம்பிக்கிறீர்கள். பழைய சொல்லில் இடம் மாறவில்லை, கிளிக் குறையவில்லை, புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் சராசரி 21.5 என்று காட்டும். வளர்ச்சியே வீழ்ச்சியாகத் தெரிகிற கணக்கு இது. அதனால் மொத்தத் தளத்தின் சராசரி இடத்தைப் பார்த்து மகிழ்வதும் வேண்டாம், வருந்துவதும் வேண்டாம். ஒரு தேடல் சொல், ஒரு பக்கம், ஒரு நாடு, ஒரு சாதனம் என்று வடிகட்டிவிட்டுப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். குறைகளும் உண்டு. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும், அட்டவணையில் 1000 வரிக்கு மேல் காட்டாது, 16 மாதத்துக்கு முந்தைய தரவு கிடைக்காது. நீண்ட கால ஒப்பீடு வேண்டும் என்றால் மாதா மாதம் தரவை வெளியே எடுத்துச் சேமித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொன்று, யாரும் தேடாத நாளில் அந்தச் சொல்லுக்கு எண்ணே இருக்காது.

ரேங்க் டிராக்கர் நேர் எதிர். செம்ரஷ், ஏஹெச்ரெஃப்ஸ், மாஸ், அக்யூரேங்கர் போன்றவை நீங்கள் கொடுத்த சொற்களை நீங்கள் சொன்ன ஊரில் இருந்து, நீங்கள் சொன்ன சாதனத்தில், எந்த வரலாறும் இல்லாத புது ஆள் போலத் தேடி, வந்த பக்கத்தைப் படித்து உங்கள் இடத்தைக் குறித்துக்கொள்கின்றன. அப்படி ஓர் ஆள் நிஜத்தில் இல்லை. ஆனால் அதுதான் இதன் பலமும்: தினமும் நிபந்தனைகள் ஒன்றே என்பதால், எண் மாறினால் மாறியது தேடுகிறவர் அல்ல, வரிசைதான் என்று ஓரளவு நம்பலாம். தானியங்கித் தேடல்களை கூகுளின் விதிமுறைகள் அனுமதிப்பதில்லை, எனவே இந்த நிறுவனங்கள் ப்ராக்ஸி எனப்படும் இடைநிலை சர்வர்கள் வழியாகச் சுற்றிவளைத்து வேலை செய்கின்றன, கூகுள் தடுக்கிறது, அவை மறுபடி வேறு வழி தேடுகின்றன. 2025 ஜனவரியில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் தேடல் பக்கமே திறக்காது என்று கூகுள் ஆக்கியபோது பல டிராக்கர்கள் தடுமாறின. உங்கள் கருவியில் திடீரென ஒரு நாள் எல்லாச் சொற்களும் காணாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியைத்தான்.

இரண்டு டிராக்கர்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம் பல நேரம் எண்ணும் முறை. முடிவுப் பக்கத்தில் இப்போது பத்து நீல இணைப்புகள் மட்டும் இல்லை. விளம்பரம், வரைபடத்தோடு மூன்று கடைகள், விடையை மேலேயே எடுத்துக் காட்டும் ஃபீச்சர்டு ஸ்னிப்பட், வீடியோ, ‘மக்கள் கேட்கும் மற்ற கேள்விகள்’, 2024 மேயிலிருந்து ஏஐ எழுதித் தரும் சுருக்கமான ஏஐ ஓவர்வியூ. இதில் எதை ஓர் இடமாக எண்ணுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கொள்கை. இயல்பு முடிவுகளில் முதலிடம் என்று கருவி சொல்லும். போனில் இரண்டு முறை தள்ளினால்தான் அந்த முதலிடம் கண்ணில் படும். ஆகவே இடம் மாறாமலேயே கிளிக் பாதியாகக் குறைவது இப்போது நடக்கக்கூடியதுதான், அதைத் தரவரிசைக் கோடு காட்டிக்கொடுக்காது.

இதையெல்லாம் தெரிந்தவர்கள் ஒற்றைச் சொல்லின் தினசரி எண்ணைத் துரத்துவதில்லை. சொற்களைத் தலைப்பு வாரியாகக் கூட்டமாக்கி, முதல் மூன்றில் எத்தனை, பத்துக்குள் எத்தனை, இருபதுக்குள் எத்தனை என்று பார்க்கிறார்கள். முப்பதாம் இடத்தில் இருக்கிற பக்கம் ஐந்தாறு இடம் ஆடுவது ஒன்றுமே இல்லை, அங்கே போட்டியாளர்களின் மதிப்பெண்கள் நெருக்கமாக இருக்கும். இரண்டிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் அது கவனிக்க வேண்டியது. தங்கள் பிராண்டின் பெயரைத் தேடி வருகிறவர்களைத் தனியாகப் பிரிக்கிறார்கள், இல்லாவிட்டால் அந்த முதலிடங்கள் மற்றச் சரிவுகளை மறைத்துவிடும். தளத்தில் செய்த மாற்றங்களையும் அறிவிக்கப்பட்ட அப்டேட் தேதிகளையும் அதே வரைபடத்தில் குறித்துவைக்கிறார்கள். சரிவு வந்தால் முதலில் மாஸ்காஸ்ட், செம்ரஷ் சென்சார் போன்ற ஏற்ற இறக்கக் குறியீடுகளைப் பார்த்து, எல்லாருக்கும் நடந்ததா தனக்கு மட்டுமா என்று பிரித்துக்கொள்கிறார்கள். தனக்கு மட்டும் என்றால், அதுவும் ஒரே நாளில் செங்குத்தாக என்றால், தொழில்நுட்பக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் போட்டியாளர்களோ பழசாகிப்போன பக்கமோதான்.

கண்காணிப்பதே கண்காணிக்கப்படும் எண்ணைக் கெடுத்ததற்கு அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்தது. தேடல் முகவரியின் முடிவில் ஒரு சிறு அளவுருவைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதி கூகுளில் நெடுங்காலம் இருந்தது, டிராக்கர்கள் அதை வைத்துத்தான் மலிவாக நூறு இடம் வரை பார்த்துக்கொண்டிருந்தன. 2025 செப்டம்பரில் அது வேலை செய்யாமல் போனது. டிராக்கர்களுக்குச் செலவு கூடியது, சில கருவிகள் ஆழமாகப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டன, அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது சர்ச் கன்சோலில் நடந்தது. ஏராளமான தளங்களுக்கு, அதிலும் டெஸ்க்டாப்பில், இம்ப்ரெஷன், அதாவது தளம் முடிவுகளில் தெரிந்த எண்ணிக்கை, சட்டென்று சரிந்தது, சராசரி இடம் சட்டென்று மேம்பட்டது. எண்பதாம் தொண்ணூறாம் இடங்களில் பதிவான ‘பார்வைகளில்’ பெரும்பகுதி மனிதர்களுடையதே அல்ல, டிராக்கர்களின் தானியங்கி நிரல்கள் (பாட்கள்) நூறு நூறாகத் திறந்து பார்த்தவை என்பதே இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம். கிளிக்குகளில் அதே அளவு சரிவு இல்லாதது அந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. அந்த மாதத்துக்கு முந்தைய இம்ப்ரெஷனையும் பிந்தைய இம்ப்ரெஷனையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடுகிற அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால், தயாரித்தவரிடம் கிளிக் கோட்டையும் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.